ஐந்து வருசம் இருந்தால் ஆயுள் முழுக்க: எம்.பி. பென்சனின் கதை

செப்டெம்பர் 10ஆம் திகதி பின்னேரம் நாங்கள் கன்டீனில் இருந்தோம். விரிவுரை முடிந்த களைப்பு, முன்னால் ஆறிப்போன பிளேன் ரீ. ஒரு பெடியன் போனைப் பார்த்து வாசித்தான்: முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைச் சட்டத்தை நீக்கும் சட்டமூலம் நிறைவேறியது, ஆதரவு 151, எதிர்ப்பு 1. மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் கை தட்டினோம். பக்கத்து மேசைக்காரரும் தட்டினார்கள். அடுத்த நாள் மஹிந்த ராஜபக்ஷ கொழும்பு விஜேராம வீட்டை விட்டுத் தங்காலைக்கு வெளிக்கிட்டதையும் போனில் பார்த்தோம்.

"அடுத்தது எம்.பி.மாரின்ர பென்சன்" என்றாள் ஒருத்தி. அதையும் நிறுத்துவோம் என்றுதான் அரசாங்கம் சொல்லியிருந்தது.

"சரி, அந்தப் பென்சனை ஆர் தொடங்கினது? ஏன் தொடங்கினது?" என்று இன்னொருவன் கேட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. வரலாற்றைப் பாடமாக எடுத்த மூன்று பேர் இருந்த மேசை அது. உண்மையில் வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு விசயம் எப்படி வந்தது என்றே தெரியாமல் அது போனால் நல்லது என்று கை தட்டுகிறோமே என்ற யோசனையில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. பிறகு ஒரு மாதமாக நூலகத்திலும் இணையத்திலும் தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறோம்.

அதற்கு முதல் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மேசையில் இருந்த எங்கட வீடுகளைப் பற்றியது.

ஒருத்தியின் அம்மம்மா நாற்பது வருசத்துக்கு மேல் மலையகத்தில் கொழுந்து பறித்தவர். வேலையை விட்டபோது ஊழியர் சேமலாப நிதியத்தில் இருந்து ஒரு தொகை கிடைத்தது. அது ஒரு கலியாணத்தோடும் ஒரு கூரைத் தகரத்தோடும் முடிந்துபோனது. மாதம் மாதம் வருகிற பென்சன் என்று அவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொருவனின் அப்பா பேக்கரியில் வேலை செய்கிறார். சம்பளத்தில் 8 வீதம் அவரும் 12 வீதம் முதலாளியும் சேமலாப நிதியத்துக்குக் கட்டவேண்டும். அந்த நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் தொடங்கியது. முதலாளி ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பது வேறு கதை. மூன்றாவது ஆளின் அப்பப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கு மட்டும்தான் மாதம் பிறந்தால் பென்சன். அந்த வீட்டில் அவருடைய சொல்லுக்கு இருக்கிற மதிப்பில் பாதி அந்தப் பென்சனுக்கானது என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்லுவான்.

பென்சன் என்பது எங்கட சமூகத்தில் வெறும் காசு இல்லை. "கவுன்மென்ற் உத்தியோகம்" என்று பெற்றோர் உயிரை விடுவதற்குக் காரணமே அதுதான். ஒரு அரச ஊழியர் அதைப் பெற ஆகக் குறைந்தது 10 வருசம் சேவை செய்யவேண்டும். கொழுந்து பறித்தவருக்கு நாற்பது வருசம் உழைத்தாலும் இல்லை. எம்.பி. ஒருவருக்கு 5 வருசம் போதும் என்று இருந்தது. எங்கட கோபம் முழுக்க இந்த மூன்று வரிக்குள் இருக்கிறது.

1977இன் முதலாவது சட்டம்

எம்.பி.மாருக்கு ஓய்வூதியம் கொடுத்த சட்டத்தின் பெயர் பாராளுமன்ற ஓய்வூதியச் சட்டம். 1977ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம். இலக்கத்தைக் கவனியுங்கள். அந்த வருசத்தில் நிறைவேறிய முதல் சட்டமே இதுதான்.

அப்போது இருந்த சபை எது? 1970 மே மாதத் தேர்தலில் தெரிவான சபை. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமர். பழைய சோல்பரி யாப்பின்படி பார்த்தால் அந்தச் சபையின் ஐந்து வருசம் 1975இல் முடிந்திருக்கவேண்டும். ஆனால் 1972 மே 22இல் வந்த புதிய குடியரசு யாப்பு, அதே உறுப்பினர்களைத் தேசிய அரசுப் பேரவையாக மாற்றி, அன்றிலிருந்து இன்னும் ஐந்து வருசம் என்று கணக்குப் போட்டது. சனம் கொடுத்தது ஐந்து வருசம். அவர்கள் எடுத்தது ஏழு. அதை எதிர்த்து ஜே.ஆர். ஜெயவர்த்தன 1975இல் தன் கொழும்பு தெற்கு ஆசனத்தை இராஜினாமாச் செய்து, இடைத்தேர்தலில் நின்று திரும்ப வென்றார். வடக்கில் இதற்கு முதலே வேறொரு கதை நடந்தது. புதிய யாப்பை எதிர்த்து எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் தன் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி வரை நடக்கவில்லை. காங்கேசன்துறைச் சனம் இரண்டு வருசத்துக்கு மேல் எம்.பி. இல்லாமல் இருந்தது.

அந்த எழுபதுகளைப் பற்றி வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் உடனே வருவது பாண் வரிசை, மரவள்ளிக்கிழங்கு, அரிசி கொண்டுபோகத் தடை. யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் விற்றுச் சிலர் வீடு கட்டிய காலமும் அதுதான், தரப்படுத்தலால் பலரின் பல்கலைக்கழகக் கனவு முடிந்த காலமும் அதுதான். சனத்துக்குப் பங்கீடு இருந்த அந்தக் காலத்தின் கடைசியில், தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, வீட்டுக்குப் போகப்போகிற ஒரு சபை தனக்குத்தானே பென்சன் எழுதிக்கொண்டது. 1977 ஜூலை தேர்தலில் அந்த ஆளும் கட்சி படுதோல்வி அடைந்தது. பென்சன் சட்டம் மட்டும் தோற்கவில்லை. வென்று வந்தவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள், பிறகு திருத்தங்களும் செய்தார்கள். கட்சிகள் எதில் அடிபட்டாலும் இதில் அடிபடவில்லை.

அயலிலும் பார்த்தோம். இந்தியாவில் மத்திய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் வந்தது 1976இல். அப்போது அங்கே அவசரகால நிலை. அந்த மக்களவையின் காலமும் நீட்டப்பட்டிருந்தது. தன் தவணையைத் தானே நீட்டிய இரண்டு சபைகள், அடுத்தடுத்த வருசங்களில், ஒரே மாதிரியான சட்டத்தைப் போட்டிருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றது செய்தது என்று நாங்கள் சொல்லவில்லை. சனத்திடம் போக அவசரமில்லாத சபைக்குத் தன்னைப் பற்றி யோசிக்க நேரம் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

தன் கையால் தனக்கு

1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம்தான் 2025 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஜனாதிபதிக்கும், அவர் இறந்தால் மனைவிக்கும், வீடு, செயலாளர் செலவு, வாகனம் என்று கொடுத்த சட்டம். அது நிறைவேறியபோது நாட்டில் உயிரோடு இருந்த முன்னாள் ஜனாதிபதி ஒருவரும் இல்லை. அதுவரை ஓய்வுபெற்ற ஒரே ஜனாதிபதியான வில்லியம் கொபல்லாவ 1981இலேயே இறந்துவிட்டார். அப்படியானால் அந்தச் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது? பதவியில் இருந்தவரையும் இனி வரப்போகிறவர்களையும்தான். (ஜனாதிபதியின் ஓய்வூதியம் வேறு விசயம். அது யாப்பின் 36ஆம் உறுப்புரையில் இருக்கிறது, இப்போதும் தொடர்கிறது.)

இந்தத் "தன் கையால் தனக்கு" என்ற பழக்கத்தின் உச்சம் 2019இல் நடந்தது. மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்தபோது, அவரே தலைமை தாங்கும் அமைச்சரவை, அவர் ஓய்வுபெற்ற பிறகும் அவர் இருந்த பெஜட் வீதி வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவெடுத்தது. அந்த முடிவு அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அதை இரத்துச் செய்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற 12ஆம் உறுப்புரைதான் அந்தத் தீர்ப்பின் அடி. கன்டீனில் நாங்கள் "இது நியாயமே?" என்று கேட்பதை நீதிமன்றம் சட்டப் பாசையில் கேட்டிருக்கிறது.

எம்.பி.மாரின் கொடுப்பனவும் அப்படித்தான். யாப்பின் 68ஆம் உறுப்புரையின்படி உறுப்பினர்களுக்கு என்ன கொடுப்பது என்பதைப் பாராளுமன்றமே சட்டத்தாலோ தீர்மானத்தாலோ முடிவு செய்யலாம். எங்கட ஊரில் கோயில் நிருவாக சபை தன் செலவைத் தானே எழுதித் தானே பாஸ் பண்ணினால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கதிரை பறக்கும். பாராளுமன்றத்துக்கு அப்படி ஒரு பொதுக்கூட்டம் தேர்தல் மட்டும்தான்.

இதில் ஐந்து வருசம் என்ற கோடு இன்னொரு சந்தேகத்தையும் கிளப்பியது. 2015 செப்டெம்பரில் கூடிய பாராளுமன்றம் 2020 மார்ச்சில் கலைக்கப்பட்டது: நாலரை வருசம். 2020 ஓகஸ்டில் கூடியது 2024 செப்டெம்பரில் கலைக்கப்பட்டது: நாலு வருசமும் ஒரு மாதமும். அந்த இரண்டு தடவையும் முதன்முதலாக உள்ளே போய், திரும்ப வெல்லாத உறுப்பினர்களுக்குக் கோடு எட்டவில்லை. 2022க்குப் பிறகு தேர்தல் வை என்று சனம் கேட்டபோதெல்லாம் "உவங்கள் பென்சன் எடுக்காமல் எழும்பமாட்டாங்கள்" என்று பஸ்ஸிலும் சந்தையிலும் கேட்டிருக்கிறோம். அது உண்மையா என்று ஒருவருடைய மனதைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் ஒரு சட்டம் அப்படிச் சந்தேகப்பட இடம் வைத்தாலே பிழைதான். தேர்தல் எப்போது என்ற கேள்விக்கும் ஒருவரின் முதுமைக் காசுக்கும் தொடர்பே இருக்கக்கூடாது.

அரசியலுக்கு ஏன் சம்பளம்?

இவ்வளவும் வாசித்தபோது எங்கட கோபம் கூடத்தான் செய்தது. பிறகு இன்னும் பின்னால் போனோம். அங்கேதான் குழம்பினோம்.

அரசியல் செய்கிறவருக்குக் காசு கொடு என்ற கோரிக்கையை முதலில் வைத்தவர்கள் பணக்கார அரசியல்வாதிகள் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் பெரிக்கிளிஸ், நீதிமன்றத்தில் நடுவராக இருக்கிற குடிமக்களுக்கு நாட்கூலி கொடுக்கத் தொடங்கினார். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து இருக்க ஏழைக்கு முடியாது என்பதால்தான். (பெண்களும் அடிமைகளும் அந்தக் கணக்கிலேயே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.) இது சனத்தைச் சோம்பேறியாக்கும், பேராசை பிடிக்க வைக்கும் என்ற குற்றச்சாட்டு பிளேட்டோவின் ஒரு உரையாடலிலேயே வருகிறது. அரசியல் காசு பற்றிய முறைப்பாடு எவ்வளவு பழசு என்று பாருங்கள்.

1838இல் இங்கிலாந்தில் சார்ட்டிஸ்ட் இயக்கத் தொழிலாளர்கள் ஆறு கோரிக்கை வைத்தார்கள். வளர்ந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, இரகசிய வாக்களிப்பு, சமமான தொகுதிகள், வருசாவருசம் தேர்தல், உறுப்பினராகச் சொத்து வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குதல், உறுப்பினர்களுக்குச் சம்பளம். கடைசி இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. சம்பளம் இல்லாவிட்டால் பாராளுமன்றம் என்பது காணி உள்ளவரின் வீட்டு விறாந்தை. 1909இல் அங்கே ஒரு தீர்ப்பு, தொழிற்சங்கம் தன் சந்தாக் காசை அரசியலுக்குச் செலவழிக்கக்கூடாது என்று சொன்னது. சங்கத்தின் காசில் சாப்பிட்டு, தொழிலாளரின் குரலாக இருந்த உறுப்பினர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1911இல், வருசத்துக்கு 400 பவுண் என்று, சாதாரண உறுப்பினருக்குச் சம்பளம் வந்தது.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1911 டிசம்பரில் இலங்கை முழுவதுக்கும் "படித்த இலங்கையர்" என்று ஒரே ஒரு ஆசனத்துக்குத் தேர்தல். பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். மூவாயிரத்துக்கும் குறைவான ஆட்களுக்குத்தான் வாக்கு. சர்வசன வாக்குரிமை வந்தபோது எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். சொத்தும் படிப்பும் உள்ளவர் மட்டும் அரசியல் செய்கிற நாடு எப்படி இருக்கும் என்று நாங்கள் கற்பனை செய்யத் தேவையில்லை. இங்கேயே இருந்திருக்கிறது.

பிரதிநிதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் கொங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருசம் குடியுரிமைச் சட்டம் வந்தது, அதன் பின்னால் வாக்குரிமையும் போனது. மலையகத் தமிழர் தங்கள் வாக்கால் ஒருவரை அனுப்பத் திரும்ப 1977 ஆனது. அந்த ஜூலையில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாவின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராகத் தெரிவானார். பென்சன் சட்டம் வந்த அதே வருசம். பல வருசமாக எம்.பி.க்குச் செலவே இல்லாமல் இருந்த சனம் அது. அதனால் அவர்கள் இலாபம் அடையவில்லை. லயன் அறைகளைப் போய்ப் பார்த்தால் தெரியும்.

துறவு பற்றியும் ஒரு யாழ்ப்பாணக் கதை இருக்கிறது. 1920களில் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பிறகு வாலிப காங்கிரஸ் ஆன அமைப்பு எங்களைப் போன்ற இளையவர்களின் அமைப்புத்தான். சாதிக்கும் சீதனத்துக்கும் எதிராகப் பேசினார்கள். டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். வடக்கில் நாலு ஆசனம் வெறுமையாகக் கிடந்தது, 1934 வரை. பதவி வேண்டாம் என்ற அந்த நேர்மையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கதிரை வெறுமையாக இருந்த மூன்று வருசமும் அரச சபை நடந்துகொண்டுதான் இருந்தது. முடிவுகள் எங்களைக் கேட்காமல் எடுக்கப்பட்டன.

பழைய சப்பாத்து அனுப்பிய சனம்

வாசித்ததில் எங்களுக்கு ஆகப் பிடித்தது 1942இன் அமெரிக்கக் கதை. பேர்ள் ஹாபர் தாக்குதல் நடந்து ஒன்றரை மாதம். இளைஞர்கள் போருக்குப் போகிறார்கள், வீடுகளில் சிக்கனம். அந்த ஜனவரியில் கொங்கிரஸ் சத்தமில்லாமல் தனக்கு ஒரு ஓய்வூதியத்தைச் சட்டமாக்கியது. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரத்தில் சிலர் ஒரு பகிடி செய்தார்கள். அப்போது பிரித்தானியாவுக்கு உதவிப் பொதி அனுப்பும் இயக்கம் ஒன்று இருந்தது. அதே பாணியில் "கொங்கிரசுக்குப் பொதி" என்று தொடங்கி, பாவம் உறுப்பினர்கள், வயதுபோன காலத்தில் என்ன செய்வார்கள் என்று பழைய உடுப்பையும் சப்பாத்தையும் சேர்த்தார்கள். நாடு முழுக்கச் சிரிப்பும் கோபமும் பரவியது. மார்ச் தொடக்கத்திலேயே அந்தச் சட்டத்தைத் திரும்ப எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1946இல் ஓய்வூதியம் திரும்ப வந்தது. இந்தத் தடவை உறுப்பினர் தன் சம்பளத்திலிருந்து பங்கு கட்டவேண்டும் என்ற ஏற்பாட்டோடு, கொங்கிரசை மறுசீரமைக்கும் சட்டத்தின் ஒரு பகுதியாக. அது நிலைத்தது. போர் முடிந்தது ஒரு காரணமாக இருக்கலாம். சனம் கோபப்பட்டது பென்சன் என்ற சொல்லுக்கு இல்லை, தாங்கள் வயிற்றைக் கட்டும்போது இவர்கள் மட்டும் ஒளித்து எடுத்ததற்கு என்பது எங்கட வாசிப்பு.

"பாவம் தலைவர், கையில் காசில்லை" என்ற கதையையும் அப்படியே நம்பக்கூடாது. 1958இல் அமெரிக்காவில் முன்னாள் ஜனாதிபதிகளுக்கான பென்சன் சட்டம் வந்ததற்குக் காரணம் ஹரி ட்ரூமன் வறுமையில் இருந்தார் என்றுதான் பல வருசமாக எழுதினார்கள். 2021இல் ஒரு சட்டப் பேராசிரியர் ட்ரூமனின் கணக்குகளைப் பார்த்து, அவர் உண்மையில் நல்ல வசதியோடுதான் இருந்தார் என்று எழுதினார். அறுபது வருசம் கழித்துத்தான் கணக்குப் புத்தகம் திறந்தது. எங்கட தலைவர்களின் கணக்குப் புத்தகம் எப்போது திறக்கும்?

ஒரு சனிக்கிழமை வாக்கெடுப்பு

திரும்ப இங்கே வருவோம். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடு அறிவித்தது. பிறகு உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கவேண்டும் என்றார்கள். 2023 ஜூலை 1, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றம் அதற்கு அனுமதி கொடுத்தது. ஆதரவு 122, எதிர்ப்பு 62. வங்கிகளை விட்டுவிட்டார்கள். கை வைத்தது சேமலாப நிதியம் மாதிரியான ஓய்வூதிய நிதிகளில். நிதியத்திடம் இருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டு, வட்டி குறைந்த, நீண்ட காலப் புதிய முறிகளை எடுக்கவேண்டும். மாட்டேன் என்றால் அந்த வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி. துவக்கை நீட்டிவிட்டு "விருப்பமா?" என்று கேட்கிற மாதிரி.

அன்று கை தூக்கிய 122 பேருக்கும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. அதில் ஒரு எழுத்து மாறவில்லை. பேக்கரியில் நிற்கிற அப்பாவின் முதுமைக் காசு நாட்டுக்காகக் குறையலாம், அதைக் குறைக்க வாக்களித்தவரின் பென்சன் குறையக்கூடாது. எங்களுக்கு நெஞ்சு கொதித்தது இந்த இடத்தில்தான்.

எம்.பி. பென்சனை நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். உண்மை. ஒரு எம்.பி.யின் மாதக் கொடுப்பனவு என்று எழுத்தில் இருப்பது 54,285 ரூபா. பென்சன் அதை ஒட்டியதாக இருந்தது. ஓய்வூதியத் திணைக்களம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காசு கொடுக்கிறது. அதற்கு முன்னால் சில நூறு முன்னாள் எம்.பி.மாரின் கணக்கு ஒரு துளி. நாட்டின் கடன் இதால் தீராது. ஆனால் சனம் கேட்பது கூட்டல் கழித்தல் கணக்கு இல்லை. 2024 ஜனவரி 1இல் வற் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக ஏறியபோது, போனுக்கு ரீலோட் போடுகிற நாங்களும் அதைக் கட்டினோம், 2025இல் ஒரு நாளைக்கு 1,350 ரூபாவுக்குக் கொழுந்து பறித்தவரும் கட்டினார். எல்லோரும் சுமக்கிற மூட்டையில் உன் தோள் எங்கே என்பதுதான் கேள்வி.

அப்ப என்ன செய்யிறது?

இதில் எங்கட குழுவுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. பாதிப்பேர் முழுக்க எடுத்துவிடவேண்டும் என்கிறார்கள். மீதிப்பேருக்கு ஒரு பயம் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இனி அரசியலுக்கு வரப்போவது யார்? கொன்ட்ராக்காரர், பார் லைசன்ஸ்காரர், வெளிநாட்டுக் காசுக்காரர். தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண், வேலையை விட்டு ஐந்து வருசம் சனத்துக்காகப் பாராளுமன்றம் போய், தோற்றுத் திரும்பி வந்தால், அவளுக்குச் சேமலாப நிதியும் இருக்காது, வேலையும் இருக்காது. 1838இல் அந்தத் தொழிலாளர்கள் பயந்தது இதற்குத்தான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. "பென்சன் எண்டாலே வீண் செலவு" என்று பேசப் பழகிவிட்டால், எம்.பி.யில் தொடங்கிய கை நாளைக்கு ஆசிரியரிலும் தாதியிலும் வந்து நிற்கும். அப்போது கை தட்ட அந்த அப்பப்பாவின் பேரனால் முடியாது.

கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டவை மூன்று. முதலாவது, தனக்கு எவ்வளவு என்று தானே முடிவு செய்கிற அதிகாரம் போகவேண்டும். அதை வெளியில் உள்ள ஒரு சுயாதீனக் குழு முடிவு செய்யட்டும், அப்படிச் செய்தாலும் அது அடுத்த பாராளுமன்றத்துக்குத்தான் பொருந்தவேண்டும். இரண்டாவது, எம்.பி.க்கு முதுமைப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பேக்கரி அப்பாவுக்கு உள்ளதே போதும்: தானும் கட்டு, அரசாங்கமும் கட்டட்டும், எவ்வளவு காலம் இருந்தாயோ அவ்வளவுக்கு எடு. ஐந்து வருசக் கோடு தேவையில்லை. அப்படியிருந்தால் அடுத்த தடவை சேமலாப நிதியத்தில் கை வைக்க வாக்குக் கேட்கும்போது, கை தூக்குகிறவருக்கும் கொஞ்சம் நோகும்.

மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறோம். பென்சனைப் பறிப்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு, பென்சன் இல்லாதவர்களைப் பற்றிப் பேசாமல் விடக்கூடாது. 1987இல் விவசாயிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்று சட்டமாக வந்தது. முதியோர் கொடுப்பனவு 2025இல் மாதம் 5,000 ரூபாவாக ஏறியது. இரண்டும் தொடக்கம்தான். ஒரு முதியவரின் மருந்துச் செலவுக்கே 5,000 காணாது.

போன கிழமை கொழுந்து பறித்த அம்மம்மாவோடு அவருடைய பேத்தி போனில் கதைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், நாங்களும் கேட்டோம். "அம்மம்மா, எம்.பி.மாருக்குப் பென்சன நிப்பாட்டப் போறாங்களாம், சந்தோசமா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தக் காச எங்களுக்குத் தருவாங்களா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார். நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.